நடமாடும் இலவச உணவு விநியோகம்: இடம் பார்ப்பது முதல் மீதக் கணக்கு வரை

வண்டியில் உணவுப் பொருளை ஏற்றிக்கொண்டு போய், பசி இருக்கும் பகுதியில் நிறுத்தி, வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுத் திரும்புவது பார்வைக்கு எளிய வேலை. புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பொருள் சேர்ப்பதில் தொடங்குகிறார்கள். மூட்டைகள் வந்து குவிந்த பிறகுதான் எங்கே கொடுப்பது, யாருக்கு எவ்வளவு, எத்தனை பேர் வருவார்கள் என்ற யோசனை வருகிறது. அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.

வரிசையில் முதலில் நின்றவருக்குக் கிடைத்தது கடைசியில் நின்றவருக்கும் கிடைத்ததா? ஒரு விநியோகம் சரியாக நடந்ததா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். கீழே உள்ள படிகளை அந்தக் கேள்வியை வைத்தே அடுக்கியிருக்கிறேன். ஒன்றின் முடிவு அடுத்ததற்குத் தேவைப்படுவதால் முன்பின் மாற்றாமல் செய்யுங்கள்.

1. பொருள் சேர்க்கும் முன் போய்க் கேளுங்கள்

விநியோகம் நடத்தப்போகும் பகுதிக்குக் குறைந்தது இரண்டு முறை போங்கள். அங்கே வசிக்கிறவர்களில் நாலைந்து பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மூன்று கேள்விகள் போதும்: வீட்டில் சமைக்க அடுப்பும் எரிபொருளும் இருக்கிறதா? எந்த நாளில், எந்த நேரத்தில் வர முடியும்? எந்த வீடுகளிலிருந்து யாராலும் வர முடியாது?

முதல் கேள்வியின் பதில்தான் என்ன கொடுப்பது என்பதை முடிவு செய்யும். அடுப்பு இல்லாதவர் கையில் தானியத்தைக் கொடுப்பதால் பயனில்லை. டின்னைத் திறக்கக் கருவி இல்லாத வீட்டுக்கு டின் உணவும் அப்படித்தான். சமைத்த உணவு தேவைப்படும் இடம் வேறு, மளிகைப் பொருள் தேவைப்படும் இடம் வேறு. முதல்முறை நடத்துகிறவர்கள் மளிகையில் தொடங்குவது நல்லது. சமைத்த உணவுக்கு நேரமும் வெப்பமும் கைமீறாமல் பார்க்கத் தெரிந்தவர் கூட இருக்க வேண்டும்.

நேரம் பற்றிய கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தன்னார்வலர்களுக்கு வசதியான நேரத்தில் வண்டி போகும். அந்த நேரத்தில் கூலிவேலைக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றால்தான் உணவு கிடைக்கும் என்றால் அதை இலவசம் என்று சொல்ல முடியாது.

2. இடம்

பார்க்கப்போகும் இடத்தை, விநியோகம் நடத்தும் அதே கிழமையில், அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலையில் காலியாகக் கிடக்கும் மைதானம் மாலையில் வண்டிகளால் நிறைந்திருக்கலாம்.

தரை கெட்டியாக இருக்க வேண்டும். லோடு ஏற்றிய வண்டி மழையில் நனைந்த மண்ணில் இறங்கினால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. வண்டி பின்னால் போகாமலே திரும்பி வெளியேற இடம் வேண்டும். மக்கள் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனியாக இருக்கட்டும். கனத்த பையோடு வெளியேறுகிறவர், உள்ளே வர முண்டும் கூட்டத்துக்கு எதிரே நடக்க நேர்ந்தால் முட்டலும் மோதலும் அங்கேதான் தொடங்கும்.

நிழல், குடிநீர், கழிப்பறை மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். வரிசை சாலையோரத்துக்கு நீளக் கூடாது. இடத்துக்கு உரியவரிடமும் உள்ளூர் நிர்வாகத்திடமும் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உணவு கொடுப்பதற்குத் தனிப்பதிவோ உரிமமோ தேவையா என்றும் அப்போதே விசாரியுங்கள்.

3. எவ்வளவு, எத்தனை பேருக்கு

அவசரக்கால உதவிகளில் ஒருவருக்கு ஒருநாளைக்கு 2,100 கிலோகலோரி என்று வைத்துத் திட்டமிடுவது வழக்கம். அதைச் சமையலறைக் கணக்காக மாற்றிப் பார்த்தால் புரியும். உலர் தானியமும் பருப்பும் 100 கிராமுக்குச் சுமார் 350 கிலோகலோரி தரும். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9. ஆக ஒருவருக்கு ஒருநாளைக்கு 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 30 கிராம் எண்ணெய் என்றால் சுமார் 1,880 கிலோகலோரி வந்துவிடும். மீதியைக் காய்கறி, பழம், பால், முட்டை நிரப்பும்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாள் என்று கணக்கிடுங்கள்: 6 கிலோ தானியம், 900 கிராம் பருப்பு, 450 கிராம் எண்ணெய். காய்கறி 4 கிலோ சேர்த்தால் வீட்டுக்கு 11 கிலோவைத் தாண்டும். 100 வீடு என்றால் 1 டன்னுக்கு மேல். இந்த எண் கையில் வந்த பிறகுதான் வண்டி பேச வேண்டும். வண்டியின் பதிவுப் பத்திரத்தில் இருக்கும் சுமை அளவைப் பாருங்கள். "இதைவிட அதிகமாகவே ஏற்றியிருக்கிறேன்" என்று ஓட்டுநர் சொல்வதை ஏற்காதீர்கள்.

எடை விஷயத்தில் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தோம். ஒரு மூதாட்டி அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் உட்கார்ந்துவிட்டார். பையைத் திறந்து உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டபோது, "கனம் தாங்கல, யாராச்சும் எடுத்துக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து எதையும் இரண்டு பையாகப் பிரித்து, ஒரு பை 6 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம். பையை வீடு வரை தூக்கி வர ஓர் ஆளையும் வைத்திருக்கிறோம்.

வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பார்த்து இரண்டு அளவு வையுங்கள்: மூன்று பேர் வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. நான்கைந்து அளவு வைத்தால் மேசையில் குழப்பம் வரும், வரிசையில் சந்தேகம் வரும்.

4. வரும் பொருளைச் சோதிப்பது

தானமாக வந்தது என்பதற்காக எதையும் அப்படியே ஏற்றாதீர்கள். உப்பிய டின், மூட்டுவாயில் நசுங்கிய டின், கசியும் டின் மூன்றும் குப்பைக்குத்தான். பாட்டுலிசம் (botulism) என்ற, உயிரைப் பறிக்கும் நோயை உண்டாக்கும் நச்சு அதற்குள் இருக்கலாம். மோந்து பார்த்தோ ருசி பார்த்தோ முடிவு செய்யும் வேலையே கூடாது.

தேதியில் இரண்டு வகை உண்டு. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்றிருந்தால் அது பாதுகாப்பு பற்றியது. கடந்துவிட்டால் கொடுக்கக் கூடாது. "இந்தத் தேதிவரை சிறந்தது" என்பது சுவையும் தரமும் பற்றியது. அந்தத் தேதி கடந்த பொருளைக் கொடுக்கலாமா என்பதில் உங்கள் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி நடங்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணி நல்ல உணவைக் கொட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், கெட்டதைக் கொடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூட்டையைப் பிரித்துச் சிறு பொட்டலம் கட்டும்போது பொருளின் பெயர், கட்டிய நாள், காலாவதித் தேதி மூன்றையும் ஒட்டுங்கள். வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டை வகைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் போன்றவை சேர்ந்த பொருள் என்றால் அதையும் எழுத வேண்டும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஒரு வாய் போதும், உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

பச்சிளங்குழந்தைப் பால் பவுடரைப் பொதுப் பையில் போடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பது, இலவசமாகக் கொடுப்பது பற்றி 1981இலேயே உலக சுகாதாரப் பேரவை நெறிமுறை வகுத்திருக்கிறது. சுத்தமான நீரும் கொதிக்கவைக்கும் வசதியும் இல்லாத வீட்டில் அந்தப் பவுடர் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். இலவசமாக வருகிறதே என்று தாய்ப்பால் குறைந்து, அடுத்த முறை டப்பா வராதபோது குழந்தை பட்டினி கிடக்கும். புட்டிப்பாலையே நம்பியிருக்கும் குழந்தை என்றால், தொடர்ந்து கிடைக்கும்படி சுகாதாரப் பணியாளர் மூலம் தனியாக ஏற்பாடு செய்யுங்கள்.

5. குளிர்ச்சி காப்பது

பால், இறைச்சி, வெட்டிய காய்கறி போன்றவை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும், உறைந்த பொருள்கள் மைனஸ் 18 டிகிரியிலும், சூடான சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேலேயும் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த இடைவெளியில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டிய வெயில் என்றால் 1 மணி நேரம்தான்.

"மொத்தம்" என்ற சொல்லில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஏற்றும்போது வெளியில் இருந்த நேரம், மேசையில் இருந்த நேரம், வாங்கியவர் வீட்டுக்கு நடக்கும் நேரம் எல்லாம் அதில் அடங்கும். அதனால் ஐஸ் பெட்டியிலிருந்து பத்துப் பத்தாக மட்டும் வெளியே எடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை ஒருவர் பார்த்துத் தாளில் எழுதட்டும். தொட்டுப் பார்த்துச் சொல்வது கணக்கில் சேராது.

சமைத்த சோற்றைக் "காலையில் ஆக்கியதுதானே" என்று மாலையில் கொடுப்பது பெரிய ஆபத்து. சமைக்கும் சூட்டிலும் சாகாத கிருமி வித்துகள் அதில் உண்டு. அவை ஆறின சோற்றில் முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

6. தகவல் சொல்வது

ஒரு வாரத்துக்கு முன்பும், முந்தின நாள் மாலையும் இருமுறை சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள், நோட்டீஸை மட்டும் நம்ப வேண்டாம். வீடு வீடாகச் சொல்ல அந்தப் பகுதி ஆட்களே சிறந்தவர்கள்.

நாள், நேரம், இடத்தோடு இன்னும் மூன்று செய்திகள் போய்ச் சேர வேண்டும்: பை கொண்டுவாருங்கள், எந்த அட்டையும் தேவையில்லை, வர முடியாதவருக்காக இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம். அட்டை கேட்பார்களோ என்ற பயத்திலேயே வராமல் போகிறவர்கள் உண்டு. கையில் எதுவும் இல்லாதவர்கள்தான் அப்படி நின்றுவிடுகிறார்கள்.

7. ஆட்களைப் பிரிப்பது

தன்னார்வலர்களை விட்டால் எல்லோரும் உணவு மேசைக்குப் பின்னால்தான் நிற்பார்கள். வரிசையின் கடைசியில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே நிற்பவர்தான் அன்றைய நாளின் முக்கியமான ஆள். அவர் கடைசி ஆளோடு சேர்ந்து நகர்வார், எண்ணிக்கை சொல்வார், கர்ப்பிணியையும் நிற்க முடியாதவரையும் அழைத்து நாற்காலியில் உட்காரவைப்பார், "இன்னும் எவ்வளவு நேரம்" என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொல்வார். பொறுமையான, கனிவாகப் பேசத் தெரிந்த ஒருவரை அதற்கு வையுங்கள்.

முடிவெடுக்க ஒரே ஒருவர். பதிவுக்கு இருவர். மேசைக்கு ஒருவர், பின்னாலிருந்து பொருள் நிரப்ப ஒருவர். வெப்பநிலை பார்க்க ஒருவர். சுமை தூக்க இருவர். வருகிறவர்கள் பேசும் மொழிகள் தெரிந்த ஒருவர். சளி, காய்ச்சல், வயிற்றுக்கோளாறு உள்ளவர் அன்று உணவைத் தொடக் கூடாது. மற்றவர்கள் தொடங்கும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும்.

8. ஏற்றுவது, இறக்குவது

முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏற வேண்டும். மேசையும் தார்ப்பாயும் மூட்டைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், முழு வண்டியையும் இறக்கிய பிறகுதான் வேலை தொடங்கும்.

வண்டி, கூட்டம் சேரும் முன்பே வந்துவிட வேண்டும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே பின்கதவைத் திறங்கள். எந்தச் சூழ்நிலையிலும் வண்டிமேல் நின்று பொருளை வீசாதீர்கள். வீசினால் பலமுள்ளவர் பிடிப்பார், பலமில்லாதவர் மிதிபடுவார். கையில் கொடுக்க நேரமில்லை என்றால் அன்று கொடுக்கவே வேண்டாம்.

மேசைகளை, பை நிரம்பும் முறையில் அடுக்குங்கள்: முதலில் தானியம், பருப்பு, கிழங்கு. அடுத்து எண்ணெய், டின். கடைசியில் தக்காளி, பழம், முட்டை. இதை மாற்றிவைத்த ஒரு நாளில் ஒவ்வொரு பையின் அடியிலும் முட்டை உடைந்து வழிந்தது. குளிர்ந்த பொருளும் கடைசியில்தான். கையில் வாங்கிய உடனே வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

9. டோக்கன்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். சண்டை, கண்ணீர், வெறுங்கையோடு திரும்புவது எல்லாம் இங்கே செய்யும் தவறிலிருந்துதான் வருகின்றன.

150 வீட்டுக்கான பொருள் இருந்தால் 150 டோக்கன்தான், அதற்கு மேல் ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது. பொருளில் பத்தில் ஒரு பங்கை முதலிலேயே தனியாக ஒதுக்கிவிட்டு, மீதியை வைத்தே இந்த எண்ணிக்கையைப் போடுங்கள். எண்ணிக்கைப் பிழை, கிழிந்த பை, அழுகிய காய் எல்லாவற்றையும் அந்த ஒதுக்கீடு தாங்கும். 151ஆவது ஆள் வந்தால் அவரிடம் அந்த நிமிடமே, பக்கத்தில் போய், மெதுவான குரலில் சொல்ல வேண்டும்: டோக்கன் முடிந்துவிட்டது, ஒதுக்கியதில் மீந்தால் இந்த நேரத்துக்குத் தெரியும், அடுத்த முறை உங்கள் பெயர் முதலில். இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்கவைத்துவிட்டு மேசைக்கு வந்ததும் இல்லை என்று சொல்வதைவிடக் கொடுமை இந்த வேலையில் வேறு இல்லை.

வந்த வரிசைப்படி டோக்கன் கொடுத்தால் விடியும் முன்பே வந்து நிற்கத் தொடங்குவார்கள். அடுத்த முறை அதற்கும் முன்னால். கைக்குழந்தைக்காரரும் வயதானவரும் அந்தப் போட்டியில் தோற்பார்கள். அதற்கு ஒரு மாற்று உண்டு. அறிவித்த நேரத்துக்குள் வந்த எல்லோரையும் ஒரு பெட்டியிலிருந்து சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். எண் எதுவோ அதுவே முறை. சீக்கிரம் வருவதால் லாபமில்லை என்று இரண்டு மூன்று முறையில் புரிந்துவிடும், நள்ளிரவு வரிசை தானாகக் கலையும்.

டோக்கனிலேயே நேரத்தையும் எழுதுங்கள்: அரைமணிக்கு 30 வீடு. தன் நேரத்துக்கு வந்தால் போதும் என்றால் அதுவரை வீட்டில் இருக்கலாம், வேலையைப் பார்க்கலாம். எண்ணை மழையில் அழியாத மையில் எழுதுங்கள். வியர்த்த கையில் கரைந்துபோன எண் 17ஆ 77ஆ என்ற தகராறை ஒருமுறை தீர்த்துவைத்தவர்கள் அதற்குப் பிறகு மையில் கஞ்சம் பார்க்க மாட்டார்கள்.

10. பதிவு மேசை

கேட்க வேண்டியவை: வீட்டில் எத்தனை பேர், ஒரு வயதுக்குள் குழந்தை உண்டா, எந்த உணவாவது ஆகாதா. வருமானம், காரணம், முழு முகவரி எதுவும் தேவையில்லை. தேவையில்லாத தகவலைச் சேர்த்தால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும். புகைப்படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டும் என்றால் வண்டியையும் மூட்டைகளையும் எடுங்கள். பை நீட்டும் கை அதில் வேண்டாம்.

ஒரு பதிவு 1 நிமிடம் எடுத்தால் ஒரு மேசையில் மணிக்கு 60 வீடு. 150 வீட்டுக்கு இரண்டரை மணி நேரம். உணவு மேசையில் இன்னும் பத்துப் பேரை நிறுத்தினாலும் அது குறையாது. எந்த இடம் மிக மெதுவோ அதுதான் முழு வரிசையின் வேகம். அதனால் கூட்டம் தேங்கினால் முதலில் பதிவுக்கு இரண்டாவது மேசை போடுங்கள், நேரம் பாதியாகும்.

ஒருவர் தன் வீட்டுக்கும், வர முடியாத இன்னும் இரண்டு வீட்டுக்கும் வாங்கலாம் என்று விதி வையுங்கள். விதியே இல்லையென்றால் ஏமாற்று என்ற பேச்சு வரும், கடும் விதி வைத்தால் படுக்கையில் இருப்பவர் பட்டினி.

11. கொடுக்கும்போது

பாதி டோக்கன் முடிந்ததும் ஒருமுறை எண்ணுங்கள். ஒவ்வொரு பொருளும் பாதியாவது மிச்சம் இருக்கிறதா? எண்ணெய் குறைவாக இருந்தால் அப்போதே அளவை மாற்றலாம், அல்லது அதற்கு ஈடான வேறொன்றைச் சேர்க்கலாம். கடைசி இருபது பேர் நிற்கும்போது தெரிந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. முதலில் வந்தவர்களின் பரிதாபத்தைப் பார்த்துக் கைநிறைய அள்ளிக் கொடுக்கும் தன்னார்வலர் நல்ல மனதுக்காரர்தான். ஆனால் அவர் அள்ளிக் கொடுத்தது கடைசியில் நிற்பவரின் பங்கு. இதைத் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

முடிவில் ஒரு மாற்று மேசை வையுங்கள். வேண்டாத பொருளை அங்கே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். வாங்குகிறவருக்குத் தேர்வு செய்யும் உரிமை கிடைக்கிறது, பொருளும் வீணாவதில்லை. அந்த மேசையில் எது குவிகிறது என்று பார்த்தால் அடுத்த முறை எதைக் குறைக்கலாம் என்றும் தெரியும்.

வண்டி தாமதமானால் கால்மணிக்குள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "இதோ வந்துவிடும்" என்று மூன்று முறை சொன்னால் நான்காவது முறை எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கூட்டம் நெருக்கத் தொடங்கினால் கொடுப்பதை நிறுத்துங்கள், பின்கதவை மூடுங்கள், முன்வரிசையை உட்காரச் சொல்லுங்கள். எல்லோருடைய எண்ணுக்கும் பொருள் இருக்கிறது என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். 9ஆம் படியில் எண்ணிக் கொடுத்திருந்தால்தான் இதைத் தைரியமாகச் சொல்ல முடியும்.

12. முடிந்த பிறகு

மீந்த பொருள் எங்கே போகும் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். முதலில் டோக்கன் கிடைக்காதவர்கள், பிறகு வர முடியாத வீடுகள். நேரம் கடந்த குளிர்பொருளை யாருக்கும் கொடுக்க வேண்டாம், தன்னார்வலருக்கும்தான். தன்னார்வலர்களிலும் தேவையுள்ளவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் டோக்கன் கொடுத்து மற்றவர்களைப் போலவே வாங்கச் செய்யுங்கள், பின்பக்கமாக எதுவும் போகக் கூடாது.

அங்கிருந்து கிளம்பும் முன் ஐந்து எண்களை எழுதுங்கள்: கொடுத்த டோக்கன், கொடுத்த பை, டோக்கன் கிடைக்காமல் திரும்பியவர்கள், மீந்த பொருள்கள், அதிக நேரம் காத்திருந்தவர் எவ்வளவு நேரம் நின்றார். மறுநாள் எழுதலாம் என்றால் மூன்றாவது எண் மறந்துபோயிருக்கும். அடுத்த முறை எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்பதைச் சொல்வதே அந்த எண்தான்.

இடத்தைக் கூட்டி, குப்பையை வண்டியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேதி உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டு வராமல் போனால், அந்த நாளை நம்பி வீட்டில் இருந்ததைச் சமைத்துத் தீர்த்தவர்கள் இருப்பார்கள்.

ஐஸ் பெட்டிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்தபடி இரவு முழுவதும் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும்.